உள்ளாட்சி மானியத் தொகையையும் விடுவிக்கும் நாளையும் முன்கூட்டியே அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
உள்ளாட்சிக் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஊழியர்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
நிதி அமைச்சகம்

பொருள்: மத்திய அரசு உள்ளாட்சிகளுக்கு வழங்கும் மானியம் – தொகையையும் தவணை நாட்களையும் முன்னதாக வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பல ஆண்டுகள் உள்ளாட்சி வரவு செலவுத் திட்டத்தை எழுதியவன் நான். அதில் பொய் எந்தப் பக்கம் நுழைகிறது என்பது எனக்குத் தெரியும். பலரும் நினைப்பதுபோல் செலவுப் பக்கம் அல்ல, வரவுப் பக்கம்தான். மேலிருந்து எவ்வளவு மானியம் வரும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சென்ற ஆண்டுத் தொகையோடு 10 விழுக்காட்டைக் கூட்டி எழுதுவோம். மன்றமும் ஒரே அமர்வில் நிறைவேற்றிவிடும். அதை நம்பி வேலைகளுக்கு மதிப்பீடு தயாராகும்.

பணமோ நிதியாண்டின் கடைசி மாதத்தில் வரும், அதுவும் பாதிதான். ஆண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். நன்றாக இருந்த சாலையின் மேலேயே மறுபடி தார் போட்டதைப் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் பில் போட ஏற்ற வேலை அது. வடிகால் தூர்வாருவது போன்ற பராமரிப்பு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். பில் தொகைக்காக மாதக்கணக்கில் காத்திருந்த ஒப்பந்தகாரர், அடுத்த டெண்டரில் வட்டியையும் சேர்த்தே விலை போடுவார். தாமதத்தின் விலையைக் கடைசியில் கொடுப்பதும் அரசுப் பணம்தான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. தென்னாப்பிரிக்காவில் ஆண்டுதோறும் இயற்றப்படும் வருவாய்ப் பகிர்வுச் சட்டத்தின் அட்டவணைகளில் ஒவ்வொரு நகராட்சிக்கும் உரிய தொகை, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான மதிப்பீட்டோடு அச்சிடப்படுகிறது. அங்கே தேசிய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்க, நகராட்சிகளின் ஆண்டு ஜூலையில்தான் தொடங்குகிறது. மேலே முடிவானதைத் தெரிந்துகொண்டு கீழே திட்டமிட அந்த இடைவெளி உதவுகிறது. எங்களுக்கோ இரண்டும் ஒரே நாளில் தொடங்குகின்றன.

வெளிப்படையாக அறிவிப்பதன் பயனுக்கு உகாண்டாவைச் சொல்வேன். 1991 முதல் 1995 வரை தொடக்கப் பள்ளிகளுக்கென மத்திய அரசு அனுப்பிய, மாணவர் தலைக்கு இவ்வளவு என்ற மானியத்தில் சராசரியாக 13 விழுக்காடே பள்ளிகளைச் சென்றடைந்ததாகக் கள ஆய்வு காட்டியது. பிறகு, அனுப்பும் தொகையை நாளிதழ்களில் வெளியிட்டார்கள். பள்ளியிலும் எழுதி ஒட்டச் செய்தார்கள். 2001-இல் அந்த அளவு 80 விழுக்காட்டைத் தாண்டியது. அதே காலத்தில் வேறு சீர்திருத்தங்களும் நடந்ததால் அறிவிப்பு மட்டுமே காரணமல்ல என்று வாதிடுவோர் உண்டு. இருக்கட்டும். எவ்வளவு வரவேண்டும் என்று தெரியாதவர் குறைந்ததைப் பற்றி எப்படிக் கேட்பார்?

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரில் 1989-இல் தொடங்கிய மக்கள் பங்கேற்பு வரவு செலவு முறையைச் சுட்டி, எங்களையும் கூட்டம் நடத்தச் சொல்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் கையில் எவ்வளவு இருக்கும் என்று சொல்லாமல் மக்களைக் கூட்டினால் கிடைப்பது வெறும் விருப்பப் பட்டியல். அப்படிப்பட்ட இரண்டு கூட்டங்களுக்குப் பின் எங்களிடம் யாரும் வரவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். நிதியாண்டு தொடங்குவதற்கு மூன்று மாதங்கள் முன்பே ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் உரிய தொகையையும் தவணை நாட்களையும், பகிர்வுக்கான கணக்கு முறையோடு அரசிதழில் வெளியிட வேண்டும். பணம் விடுவிக்கும் அன்றே அந்த விவரம் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். தவணை தாமதித்தால் அந்தப் பணத்தை அடுத்த ஆண்டிலும் செலவிட அனுமதி வேண்டும்.

வருவாயே நிச்சயமில்லாதபோது எப்படி உறுதி சொல்வது என்று தங்கள் அலுவலகம் கேட்கக்கூடும். முழுத் தொகைக்கும் உறுதி கேட்கவில்லை. எந்த நிலையிலும் குறையாத அடிப்படைத் தொகையைச் சொல்லுங்கள். மீதி வருவாயைப் பொறுத்து என்று குறித்துவிடுங்கள். அடிப்படைத் தொகை சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை, அதை வைத்துப் பராமரிப்பு வேலைகளையாவது ஆண்டின் முதல் மாதத்திலேயே தொடங்கிவிடலாம்.

வரும் நிதியாண்டிலிருந்தே நடைமுறைக்கு வரும் வகையில் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்