வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை 2024-25: ஏழாம் புத்தகத்தோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நமது வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் வழக்கமான விவரங்கள். மாதத்தின் மூன்றாம் ஞாயிறு மாலை என்று வைத்திருந்த 12 கூட்டங்களில் 11 நடந்தன. டிசம்பர் கூட்டம் மழையால் நின்றுபோனது. ஆண்டின் தொடக்கத்தில் 34 பேர் இருந்தோம். 9 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், இருவர் வேலை மாறி வெளியூர் போனார்கள். ஆக இப்போது 41 பேர். புதிதாக வந்தவர்களில் 7 பேர் கல்லூரியில் படிக்கிறவர்கள். இதைத் தனியாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

இந்த ஆண்டு முழுவதும் நாம் ஒரே ஒரு புத்தகத்தைத்தான் படித்தோம். ஜே. கே. ரோலிங் எழுதிய ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாவதும் கடைசியுமான ‘ஹாரி பாட்டர் அண்ட் தி டெத்லி ஹாலோஸ்’. மந்திரப் பள்ளியில் படித்த ஹாரி என்ற பையனின் கதை. முதல் ஆறு புத்தகங்களை முந்தைய இரண்டு ஆண்டுகளில் வேகமாகவே முடித்திருந்தோம். கடைசிப் புத்தகத்தை மட்டும் அவசரப்படாமல், கூட்டத்திலேயே வாய்விட்டுப் படிக்கலாம் என்று சென்ற பொதுக்குழு முடிவு செய்தது. நம் மூத்த உறுப்பினரான அம்மா ஒருவருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்து, தானே படிக்க முடியாமல் இருந்த நேரம் அது. அவருக்காகத் தொடங்கிய ஏற்பாடுதான். மூன்றாவது மாதத்திலேயே அது எல்லோருக்கும் பிடித்துப் போனது. ஒருவர் ஆங்கிலத்தில் படிக்க, இன்னொருவர் அங்கங்கே நிறுத்தித் தமிழில் சொல்லுவார். 36 அத்தியாயங்கள், அப்புறம் ஒரு பின்கதை. பிரிட்டிஷ் பதிப்பில் 607 பக்கம், அமெரிக்கப் பதிப்பில் 759 பக்கம். நம்மிடம் இரண்டும் கலந்து இருந்ததால் முதல் கூட்டத்தில் பக்க எண் சொன்னபோது பாதிப் பேர் வேறெங்கோ இருந்தார்கள். அன்றிலிருந்து அத்தியாயத்தையும் பத்தியையும் சொல்லியே படித்தோம்.

ஜூலைக் கூட்டம் தற்செயலாக 21-ஆம் தேதியில் விழுந்தது. 2007-இல் இந்தப் புத்தகம் வெளியானதும் ஒரு ஜூலை 21-தான், அன்று சனிக்கிழமை. லண்டனில் நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம், நமக்கு விடிகாலை 4:31. எனவே அன்று புத்தகத்தைத் திறக்கவில்லை. அந்த நாளில் யார் எங்கே இருந்தார்கள் என்று பேசினோம். அப்போது சென்னையில் படித்துக்கொண்டிருந்த உறுப்பினர் ஒருவர், இருட்டோடு எழுந்து, அறைத்தோழியின் ஸ்கூட்டரில் போய்க் கடை வாசலில் நின்றதைச் சொன்னார். பால் வண்டி வரும் நேரத்தில் புத்தகக் கடைக்கு வரிசை நின்றதைப் பார்த்து, வாக்கிங் போன பெரியவர் ஒருவர் ‘இங்கே என்னம்மா கொடுக்கிறார்கள்?’ என்று கேட்டாராம். அமெரிக்காவில் மட்டும் முதல் 24 மணி நேரத்தில் 83 லட்சம் பிரதிகள் விற்ற புத்தகம் அது.

அந்த வாரத்தில் எல்லோரையும் பிடித்திருந்தது ஒரே பயம்தான், முடிவு முன்கூட்டியே காதில் விழுந்துவிடக் கூடாது. வெளியாவதற்குச் சில நாள் முன்பே அமெரிக்கப் பதிப்பின் பக்கங்களை யாரோ படமெடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியீட்டு நாளுக்கு முன்பே விமர்சனம் போட்டது. ரோலிங் அதைக் கண்டித்தார். நான் அந்தப் புத்தகத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன். எதிர்ப் பக்கத்துக்குக் கண் தாவிவிடாமல் இருக்க ஒரு அஞ்சலட்டையால் அதை மறைத்துக்கொண்டே போனேன். ஹாரி பிழைப்பானா என்பது அப்போது உண்மையிலேயே யாருக்கும் தெரியாது. அதற்கு முந்தைய ஆண்டு நியூயார்க்கில் ரோலிங்கோடு ஒரே மேடையில் அமர்ந்த ஸ்டீபன் கிங்கும் ஜான் இர்விங்கும்கூட, ஹாரியைக் கொன்றுவிடாதீர்கள் என்று அவரிடமே கேட்டுக்கொண்டார்கள். எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் வாசகர்களாக மாறி நின்று கெஞ்சிய நேரம் அது.

சரி, இனி புத்தகத்துக்கு வருகிறேன். இதில் வரும் சாவுகள் நம் கூட்டங்களில் எப்படி இறங்கின என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நான்காம் அத்தியாயத்தில் ஹெட்விக் என்ற ஆந்தை செத்தபோது அவையில் ஒரு ‘அடடா’ எழுந்தது, அவ்வளவுதான். கதை ஓடிக்கொண்டிருந்தது. ஹாரிக்கு உதவிய குட்டி உயிரான டாபியின் முறை வந்தபோது அப்படி இல்லை. மந்திரம் தெரிந்த பையன் ஹாரி, மந்திரக்கோலை ஒதுக்கிவைத்துவிட்டு, மண்வெட்டி எடுத்துக் கையாலேயே குழி வெட்டுகிறான். படித்துக்கொண்டிருந்த தம்பி அந்த இடத்தில் நிறுத்தி, புத்தகத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டார். அவரும் இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. கண்ணாடி போட முடியாமல் உட்கார்ந்திருந்த அம்மாதான் பேசினார்: ‘உரியவங்க கையால மண்ணு விழணும்னு நாம சொல்றதுதானே இது?’

கதையில் அந்தக் குழி கார்ன்வால் கடற்கரையில் இருக்கிறது. படத்துக்காக அதை எடுத்தது வேல்ஸில், பெம்ப்ரோக்‌ஷயர் பகுதியின் ஃபிரெஷ்வாட்டர் வெஸ்ட் என்ற கடற்கரையில். அங்கே ரசிகர்கள் கல் அடுக்கி, பெயர் எழுதி, டாபிக்கு விடுதலை வாங்கித் தந்த காலுறையின் நினைவாகக் காலுறைகளை வைத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அந்த இடத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 2022-இல், கல்லறை இருக்கட்டும், காலுறையும் சிறுபொருள்களும் கடலுக்கும் உயிர்களுக்கும் கெடுதல், அவற்றை விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. இல்லாத ஓர் உயிருக்கு இருக்கிற ஒரு கரையில் கல்லறை எழுந்ததும், ஒரு நிர்வாகம் அதை அகற்றாமல் விட்டதும் எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

ஹாரியின் நண்பனுடைய இரட்டை அண்ணன்களில் ஒருவனான ஃபிரெட் இறந்த இடத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து வெளியே போனார். அவரும் இரட்டையரில் ஒருவர். அதைப் பற்றி நாங்கள் எதுவும் கேட்கவில்லை. ஹாரியின் பழைய ஆசிரியர் லூபினும் அவர் மனைவி டாங்ஸும் இறந்ததில்தான் குறை எழுந்தது. கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்த தாயும் தகப்பனும் எப்படி இறந்தார்கள் என்றே காட்டாமல், உடல்கள் கிடப்பதை மட்டும் சொல்லிவிட்டுக் கதை நகர்ந்துவிடுகிறது. இது நியாயமில்லை என்று ஆறேழு பேர் சொன்னார்கள். ஹாரியைப் போலவே இன்னொரு குழந்தை அனாதையாக நிற்க வேண்டும் என்று நினைத்தே அப்படி எழுதியதாக ரோலிங் சொல்லியிருக்கிறார். காரணம் புரிகிறது. ஆனால் அவர்களுக்கு இன்னும் அரைப் பக்கம் கொடுத்திருக்கலாம் என்பதே என் கருத்தும். அவருக்கே மனதில் உறுத்தியிருக்க வேண்டும். கதையில் கடைசிப் போர் நடக்கும் மே 2-ஆம் தேதியில் ஆண்டுக்கொருவராக மன்னிப்புக் கேட்டுவந்தார்: 2015-இல் ஃபிரெட்டுக்காக, 2016-இல் லூபினுக்காக, 2017-இல் ஹாரியின் ஆசிரியர் ஸ்னேப்புக்காக, 2018-இல் டாபிக்காக.

ஹாரியும் இரண்டு நண்பர்களும் காட்டில் கூடாரம் போட்டு மாதக்கணக்கில் அலையும் அத்தியாயங்கள் இழுவை என்று பெரும்பாலோர் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் மூன்று பிள்ளைகள் பசியோடும் எரிச்சலோடும் இருப்பதை வேகமாக எழுதினால் பொய்யாகிவிடும். எல்லாவற்றிலும் வலிமையான மந்திரக்கோல் யாருக்குச் சொந்தம் என்ற கணக்கில் எல்லோருக்கும் குழப்பம் வந்தபோது, நம் கணித ஆசிரியர் ஐயா கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டினார்: தலைமை ஆசிரியர் டம்பிள்டோரிடமிருந்து மாணவன் ட்ராகோவுக்கு, ட்ராகோவிடமிருந்து ஹாரிக்கு. கோல் கல்லறைக்குள் கிடந்தாலும் உரிமை மட்டும் கை மாறிக்கொண்டே போகிறது. ‘பத்திரம் ஒருத்தர்கிட்ட, பட்டா ஒருத்தர் பேர்ல’ என்று பின்வரிசையிலிருந்து வந்த விளக்கத்துக்குப் பிறகு யாரும் சந்தேகம் கேட்கவில்லை.

இப்போது ஸ்னேப். ஜனவரி, பிப்ரவரி இரண்டு கூட்டங்களும் இந்த ஒரு மனிதருக்கே போயின. முன்னால் சொன்ன புதிய உறுப்பினர்களின் பங்கு இங்கேதான் வருகிறது.

ஆறாம் புத்தகம் 2005 ஜூலையில் வந்தது. அதன் முடிவில் ஸ்னேப் டம்பிள்டோரைக் கொல்கிறார். அடுத்த புத்தகத்துக்கு இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டும் என் வயதுக்காரர்கள் ஸ்னேப் நல்லவரா கெட்டவரா என்று வாதாடினோம். டீக்கடையில், ரயிலில், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட. எனவே 33-ஆம் அத்தியாயத்தில் அவருடைய நினைவுகள் திறந்தபோது நாங்கள் படித்தது ஒரு கதைத் திருப்பத்தை மட்டும் இல்லை, அவர் கடைசிவரை டம்பிள்டோரின் ஆள்தான் என்று எங்கள் வழக்குக்கு வந்த தீர்ப்பையும். நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பே கிடையாது. ஏழு புத்தகமும் அலமாரியில் இருந்தன. ஆறாவதை மூடிய இரவே ஏழாவதைத் திறந்தவர்கள் அவர்கள். அவர்கள் ஸ்னேப்பை மன்னிக்கவில்லை.

‘லில்லியை அவ்வளவு நேசித்தார், சரி. நெவில் என்ன பாவம் செய்தான்?’ என்று ஒரு மாணவி கேட்டார். லில்லி ஹாரியின் அம்மா, நெவில் ஹாரியின் வகுப்புத் தோழன். மூன்றாம் புத்தகத்தில், ஒருவர் எதற்கு அதிகம் பயப்படுகிறாரோ அந்த உருவத்தை எடுக்கும் ஜந்து, நெவிலின் முன்னால் ஸ்னேப் வாத்தியாராகத்தான் வருகிறது. பெற்றோர் சித்திரவதையில் புத்தி பேதலித்துக் கிடக்கும் பையனுக்கு, உலகத்திலேயே பெரிய பயம் அவனுடைய ஆசிரியர். அன்று நான் ஸ்னேப்புக்காக நிறையப் பேசினேன். உயிரைப் பணயம் வைத்து ஆண்டுக்கணக்கில் இரட்டை வேடம் போட்டதைச் சொன்னேன். பக்கத்தில் 31 ஆண்டு பள்ளியில் பணிசெய்து ஓய்வு பெற்ற அம்மா, ‘செயலாளர் சார், வகுப்பில் ஒரு குழந்தை நம்மைப் பார்த்து நடுங்கினால் அதற்கு வீரம் ஈடாகாது’ என்றார். 18 ஆண்டாக வைத்திருந்த என் கருத்து அன்று அசைந்தது. ஸ்னேப்பின் தைரியத்தை இப்போதும் மதிக்கிறேன். நெவிலை மறந்துவிட்டு மதித்தேன் என்பதை இந்த அறிக்கையிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

லில்லி மீது இத்தனை காலத்துக்குப் பிறகும் அன்பா என்று கேட்டபோது ஸ்னேப் சொல்லும் ‘ஆல்வேஸ்’ என்ற அந்த ஒற்றைச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில் 40 நிமிடம் போனது. ‘எப்போதும்’ என்றார் ஒருவர். அது பஸ் நேரம் சொல்வதுபோல் இருக்கிறது என்று மறுத்தார்கள். ‘என்றென்றும்’ வாழ்த்து மடல்போல் ஆகிவிடுகிறது. கடைசியில் ‘என்றைக்கும்’ என்பதில் நின்றோம். பேசுகிற மனிதர் வாயில் வரக்கூடிய சொல் அதுதான்.

மார்ச் கூட்டத்தில் பின்கதை. பத்தொன்பது ஆண்டுக்குப் பின், கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையம், பிள்ளைகளை ரயிலேற்றிவிடும் பெற்றோர்கள். கதைக் கணக்கில் அது 2017 செப்டம்பர் 1. அந்த நாள் நிஜமாகவே வந்தபோது லண்டனில் அந்த நிலையத்துக்கு ரசிகர்கள் திரண்டு போனார்கள். இந்தப் பின்கதை நம் அவையைச் சரிபாதியாக உடைத்தது. எல்லோருக்கும் கல்யாணம், எல்லோருக்கும் குழந்தை, பழைய சினிமாவின் கடைசிக் காட்சி மாதிரி இருக்கிறது என்றார்கள் இளையவர்கள். ஃபிரெட்டின் இரட்டைச் சகோதரன் ஜார்ஜ் என்ன ஆனான், ஹாரியின் தோழி ஹெர்மயனி என்ன வேலை பார்க்கிறாள் என்று ஒன்றுமே இல்லையே என்பது அவர்கள் குறை.

அப்போது தலைவர் கல்கியை நினைவுபடுத்தினார். பொன்னியின் செல்வன் மூன்றரை ஆண்டு தொடராக வந்து 1954-இல் முடிந்தபோதும் வாசகர்கள் விடவில்லை. அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்ற கேள்விகளுக்குக் கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ரோலிங்கும் புத்தகம் வந்த பின் பேட்டிகளில் அதையேதான் செய்தார். வந்தியத்தேவனைப் பிரிய மனமில்லாத நம் பாட்டிமார்கள் கேட்ட கேள்வியும் இந்தப் பிள்ளைகள் கேட்டதும் ஒன்றுதான் என்று தலைவர் சொன்னதை அவை கைதட்டி ஏற்றது.

கதையின் கடைசிச் சொல் ஹாரியின் நெற்றித் ‘தழும்பு’ என்றிருக்கும் என ரோலிங் பல ஆண்டு சொல்லிவந்தார். பிறகு மாற்றிவிட்டார். இப்போது உள்ள கடைசி வாக்கியத்தை அன்று தமிழில் சொன்னவர் ‘எல்லாம் நலம்’ என்று சொன்னார். அதைக் கேட்டதும் கண் தெளிந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நம் அம்மா, ‘நாம கடுதாசி ஆரம்பிக்கிற வரியாச்சே இது’ என்றார். தூர ஊரில் வாழ்க்கைப்பட்டுப் போனவர்கள் இங்கு அனைவரும் நலம் என்று எழுதினால், அடுத்து நலமறிய ஆவல் என்று வரும். பின்கதை பிடிக்காது என்று அதுவரை பேசிய இருவர், அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்கள். படித்தோம்.

வரவு செலவு: முன்னிருப்பு 6,240 ரூபாய், சந்தா 12,300, நன்கொடை 5,000, ஆக மொத்த வரவு 23,540. கூடத்து வாடகை 7,700, தேநீரும் சிற்றுண்டியும் 4,950, புத்தகப் பிரதிகள் 3,180, அச்சு மற்றும் சில்லறைச் செலவு 1,210, ஆக மொத்தச் செலவு 17,040. கையிருப்பு 6,500 ரூபாய். பொருளாளர் கணக்கேட்டைக் கொண்டு வந்திருக்கிறார், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மாதந்தோறும் கூடத்தைத் திறந்து நாற்காலி போட்டுக் கொடுத்த காவலர் அண்ணனுக்கும், வாய்விட்டுப் படித்த 14 பேருக்கும், தமிழில் சொல்லித் தந்தவர்களுக்கும் நன்றி. வரும் ஆண்டில் பொன்னியின் செல்வனை இதேபோல் வாய்விட்டுப் படிக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. இம்முறை கல்லூரிப் பிள்ளைகள் படிக்க, பெரியவர்கள் கேட்கட்டும் என்பது என் விருப்பம். முடிவைத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களிடம் சொல்லாமல் இருக்கும்படி இப்போதே கேட்டுக்கொள்கிறேன். இந்த அறிக்கையையும் கணக்கையும் ஏற்று ஒப்புதல் தருமாறு அவையை வேண்டுகிறேன்.

வணக்கம்.
செயலாளர்