பெரிய கார் வாங்கலாமா என்று கேட்டாயே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் ஓய்வு பெற்றுவிட்டாய், உடம்புக்கு ஒன்றும் இல்லை, பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்றெல்லாம் படிக்கப் படிக்க மனசு நிறைந்துவிட்டது. இங்கேயும் இருவரும் நலம். மனைவிக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள், இப்போது கண்ணாடி இல்லாமலே தூரத்துப் பலகையைப் படிக்கிறாள். நான் காலையில் நடக்கிறேன், மத்தியானம் தூங்குகிறேன், மீதி நேரத்தில் யோசிக்கிறேன். வேலைக்குப் போன காலத்தில் இந்த மூன்றாவதுக்குத்தான் நேரமே இருந்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மொத்தமாகக் கைக்கு வந்த பணத்திலிருந்து எடுத்து, இத்தனை வருஷமாக ஆசைப்பட்ட பெரிய காரை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கார் வாங்கு. ஆனால் உடனே வேண்டாம். நீ எழுதியிருக்கிற அந்த வண்டியும் வேண்டாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

சம்பளம் வந்துகொண்டிருந்தவரை பங்குச் சந்தை விழுந்தால் நாம் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. அடுத்த மாதப் பணத்தைக் குறைந்த விலையில் போட்டோம், அவ்வளவுதான். இப்போது நாம் போடுகிறவர்கள் இல்லை, எடுக்கிறவர்கள். எடுக்கிறவனுக்குச் சராசரி வருமானம் எவ்வளவு என்பது மட்டும் போதாது. நல்ல வருஷம் முதலில் வருகிறதா, கெட்ட வருஷம் முதலில் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார். 100 வைத்திருக்கிறாய், வருஷக் கடைசியில் 10 எடுக்கிறாய். முதல் வருஷம் 20 சதவீதம் இறங்கி, மறு வருஷம் 25 சதவீதம் ஏறினால் முடிவில் உன்னிடம் இருப்பது 77.5. அதே ஏற்றம் முதலிலும் இறக்கம் பிறகும் வந்தால் 82. ஒன்றுமே எடுக்காமல் இருந்திருந்தால் இரண்டு வழியிலும் சரியாக 100 நின்றிருக்கும். இரண்டே வருஷத்தில் இந்த வித்தியாசம். ஒரே மாதிரி உழைத்து, ஒரே மாதிரி சேமித்த இருவரில் ஒருவர் வசதியாகவும் மற்றவர் கையைப் பிசைந்துகொண்டும் இருப்பதற்கு, அவர்கள் ஓய்வு பெற்ற வருஷம் வேறு என்பதே காரணமாக இருக்க முடியும். இதில் யாருடைய புத்திசாலித்தனமும் இல்லை.

வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-ல் இதைத்தான் ஆராய்ந்தார். 1926 முதலான அமெரிக்கச் சந்தைக் கணக்குகளை எடுத்துக்கொண்டு, எந்த வருஷத்தில் ஓய்வு பெற்றிருந்தாலும் பணம் 30 வருஷம் தாங்க வேண்டுமானால் முதல் வருஷம் எவ்வளவு எடுக்கலாம் என்று பார்த்தார். சுமார் 4 சதவீதம், பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்று விடை வந்தது. அது அந்த நாட்டுக் கணக்கு, அப்படியே தூக்கி எல்லா இடத்திலும் பொருத்த முடியாது. ஆனால் அவர் கணக்கைப் போட்ட விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. சராசரி ஆளை வைத்துப் போடவில்லை, மிக மோசமான நேரத்தில் ஓய்வு பெற்றவனுக்கும் தாங்குமா என்று கேட்டுப் போட்டிருக்கிறார். நம்மைப் போன்றவர்கள் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

அப்புறம் விலைவாசி. 72-ஐப் பணவீக்கச் சதவீதத்தால் வகுத்தால், எத்தனை வருஷத்தில் விலை இரட்டிப்பாகும் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். 6 சதவீதம் என்றால் 12 வருஷம். உனக்கும் எனக்கும் ஆண்டவன் ஆயுளைக் கொடுத்தால் இன்னொரு இரட்டிப்பைக் கண்டிப்பாகப் பார்ப்போம், இரண்டாவதையும் பார்க்கலாம். அதனால் முதலில் இரண்டு மூன்று வருஷச் செலவுக்கான பணத்தை ஏற்ற இறக்கம் இல்லாத இடத்தில் தனியாகப் போட்டு வை. சந்தை விழுந்தாலும் அதை வைத்து ஓட்டிக்கொள்ளலாம், மீதியை நஷ்டத்தில் விற்க வேண்டி வராது. காருக்கான பணம் அதற்கு அடுத்தபடிதான்.

உன் கடிதத்தில் எனக்குக் குறையாகப் பட்டது ஒன்று உண்டு. பக்கம் பக்கமாகக் காரைப் பற்றி எழுதியிருக்கிறாய், எஞ்சின், நிறம், சக்கரம் வரைக்கும். தங்கச்சி என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டாயா? கேட்காமல் இருந்தால் இன்றைக்கே கேள். அது அவளுடைய பணமும்தான். நீ வேலை வேலை என்று ஓடியபோது வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டது அவள். அது ஒன்று. இன்னொன்றையும் யோசி. ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் ஆண்களைவிடப் பெண்கள் அதிக காலம் வாழ்கிறார்கள், கணவனும் பெரும்பாலும் வயதில் மூத்தவன். கடைசிச் சில வருஷங்கள் இந்தப் பணத்தில் தனியாக வாழப்போவது பெரும்பாலும் அவர்கள்தான். இதை நான் மனைவியிடம் வெளிப்படையாகவே பேசினேன். முதலில் "ஏன் இந்தப் பேச்சு" என்று கோபித்தாள். பிறகு அவளே ஒரு நோட்டை எடுத்து வந்தாள். எந்தக் கணக்கு எங்கே, எந்தக் காப்பீட்டுக்கு எப்போது பணம் கட்ட வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவள் கையெழுத்தில், எனக்கும் புரிகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறாள். அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்த அன்று எனக்கு வந்த நிம்மதி, ஓய்வுப் பணம் கணக்கில் ஏறிய அன்றுகூட வரவில்லை.

திருமணத்தைப் பற்றி இந்த வயதில் பேசுவது சிலருக்குக் கூச்சமாக இருக்கலாம். எனக்கு இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-ல் தொடங்கிய ஆய்வு ஒன்று, நூற்றுக்கணக்கான ஆண்களை இளம்வயது முதல் முதுமை வரை பின்தொடர்ந்தது. பாஸ்டனின் ஏழைக் குடும்பத்துப் பையன்களும் அதில் உண்டு, வசதியான கல்லூரி மாணவர்களும் உண்டு. 50 வயதில் யார் தங்கள் உறவுகளில் நிறைவாக இருந்தார்களோ, அவர்கள்தான் 80 வயதில் ஆரோக்கியமாக இருந்தார்களாம். கொலஸ்ட்ரால் அளவைவிட இது நன்றாகக் காட்டிக்கொடுத்ததாம். எனக்கு இதைவிட மனதில் தைத்தது வேறொன்று. எண்பதுகளில் இருந்த தம்பதிகளில், மனம் ஒத்துப்போனவர்களுக்கு உடல்வலி அதிகமாக இருந்த நாட்களிலும் மனசு தளரவில்லை. ஒத்துப்போகாதவர்களுக்கு வலி இருந்த நாளில் மனசும் சேர்ந்தே வலித்தது. என் முதுகுவலி நாட்களில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் பேப்பரை உரக்கப் படிக்கிறாளே, அதற்கு என்ன மதிப்பு போடுவாய்?

அவள் சிக்கனம், நான் செலவாளி. இதனால் ஆரம்பத்தில் எங்களுக்குள் எத்தனையோ வாக்குவாதம். ஆனால் இருவருமே சிக்கனமாக இருந்திருந்தால் நாங்கள் ஊர் உலகம் பார்த்திருக்க மாட்டோம், இருவருமே செலவாளியாக இருந்திருந்தால் இன்றைக்கு இவ்வளவு நிம்மதியாக உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இப்போது உன் கார். நம் வயதுக்கு எஞ்சின் எத்தனை குதிரை என்பது பெரிய விஷயமே இல்லை. இருக்கை உயரத்தைப் பார். குனிந்து விழுகிற மாதிரி தாழ்வாகவும் இருக்கக் கூடாது, ஏணி வைத்து ஏறுகிற மாதிரி உயரமாகவும் இருக்கக் கூடாது. உட்கார்ந்து, திரும்பி, இரண்டு காலையும் உள்ளே எடுத்து வைக்க முடிகிறதா என்று பார். கதவு அகலமாகத் திறக்க வேண்டும். பின்பக்கம் நன்றாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் கழுத்து முன்பு மாதிரி திரும்பாது. இரவில் எதிர்வெளிச்சம் பட்டால் நம் கண் தெளிய இளைஞர்களைவிட நேரமாகும் என்பதால், விளக்கு நன்றாக உள்ள வண்டியாகப் பார்த்து எடு. நீ சொன்ன வண்டி நிறுத்துவதற்கே இரண்டு வண்டி இடம் கேட்கும். அதை வாங்கினால் தங்கச்சி ஓட்டுவாளா? ஒருவருக்கு முடியாத நாளில் மற்றவர் ஓட்டக்கூடிய கார்தான் நமக்கு ஏற்ற கார்.

பழைய வண்டியாக இருந்தாலும் பரவாயில்லை என்பேன். புதுக் காரின் மதிப்பு முதல் சில வருஷங்களில்தான் வேகமாக இறங்கும், அந்த இறக்கத்தை வேறொருவர் தாங்கிக்கொள்ளட்டும். நாங்கள் இப்போதைய காரைப் பார்க்கப் போனபோது, விற்றவர் ஓடிய தூரம் குறைவு, டயர் புதுசு என்றார். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. என் மனைவி குனிந்து டயரின் பக்கவாட்டில் விரலை வைத்துத் தடவி, அழுக்கைத் துடைத்து, நான்கு இலக்கத்தைப் படித்தாள். முதல் இரண்டு இலக்கம் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம். 2314 என்றால் 2014-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமலே நின்று ரப்பர் வயதாகிப்போன டயர்கள் அவை. நான்குக்கும் புது டயரின் விலையைக் குறைத்த பிறகுதான் வாங்கினோம். நீயும் ஓய்வில் குறைவாகத்தான் ஓட்டப்போகிறாய், அதனால் இதை நினைவில் வை. நிற்கிற வண்டிக்குத்தான் பேட்டரி சீக்கிரம் போகும். வண்டி ஓடாவிட்டாலும் பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்றிவிடு.

அதிர்ஷ்டம் என்று எழுதியிருந்தாயே, "நமக்கு நல்ல நேரம், நல்லபடியாகக் கரை சேர்ந்துவிட்டோம்" என்று. அந்த வரியை நான் பலமுறை படித்தேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு மழை இரவில் எதிரே வந்த வண்டி தடம் மாறி எங்கள் காரில் மோதியது உனக்கு நினைவிருக்கும். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியது. எங்கள் இருவருக்கும் சீட் பெல்ட் பட்ட இடத்தில், தோளிலிருந்து இடுப்பு வரை பட்டையாகக் கன்றிப்போயிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. எல்லோரும் அதிர்ஷ்டம் என்றார்கள். அந்த மூன்று முனை பெல்ட்டை 1959-ல் வடிவமைத்தவர் நில்ஸ் போலின் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர். அதற்கு முன் போர் விமானங்களில் ஆளை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தவர். வோல்வோ நிறுவனம் அதற்குக் காப்புரிமை வாங்கி, மற்றவர்களும் பயன்படுத்தட்டும் என்று திறந்துவிட்டது. என் மனைவி இன்று உயிரோடு இருப்பதில் அந்த மனிதருக்குப் பங்கு இருக்கிறது.

பெரியம்மையையும் யோசித்துப் பார். 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்ற நோய் என்று மதிப்பிடுகிறார்கள். 1977-ல் சோமாலியாவோடு இயற்கையான தொற்று நின்றது, 1980-ல் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நம் தாத்தா பாட்டி காலத்தில் பிழைத்ததே பெரிது. நாமோ தோளில் ஒரு தழும்போடு தப்பித்தோம், நம் பிள்ளைகளுக்கு அந்தத் தழும்பே இல்லை. வீடு வீடாகப் போய் ஊசி குத்தியவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. நமக்கு வாய்த்த நல்ல நேரத்தில் பெரும்பகுதி இப்படி யாரோ கவனமாகச் செய்த வேலையால் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மீதியில் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது, நோட்டு எழுதிக்கொண்டு.

இப்படி நினைக்க ஆரம்பித்த பிறகு பணத்தின் மேல் எனக்கிருந்த பயமும் குறைந்தது, பெருமையும் குறைந்தது. கொடுக்கிற கையும் கொஞ்சம் தாராளமாகியிருக்கிறது. உனக்கும் அப்படித் தோன்றினால், காரில் மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கை எங்கே கொடுக்கலாம் என்று தங்கச்சியோடு உட்கார்ந்து பேசு.

வருகிற வாரம் இரண்டு மூன்று வண்டிகளையாவது ஓட்டிப் பாருங்கள். அவளை முதலில் ஓட்டச் சொல், நீ பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் வா. வாங்குவதற்கு முன் டயரில் இருக்கும் அந்த நான்கு இலக்கத்தையும் ஓடிய தூரத்தையும் எனக்கு எழுதி அனுப்பு. உன் மூட்டுவலி இப்போது எப்படி என்றும் எழுது, போன கடிதத்தில் அதை விட்டுவிட்டாய்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்