சட்ட வரியை அடித்தார்கள், சிறை விதியை அடிக்கவில்லை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கைதிகளிடம் மட்டும் அடிமைமுறை செல்லும் என்ற விலக்கையே எடுத்துவிட்டார்களே, பிறகும் கைதிகள் ஏன் வழக்காடுகிறார்கள் என்று கேட்டிருந்தாய்.

1865இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தபோதே, குற்றத்துக்கான தண்டனை என்றால் செல்லும் என்று ஒரு ஓட்டையும் விட்டது. பல மாநிலங்கள் அதைத் தங்கள் அரசியல் சட்டத்திலும் எழுதிக்கொண்டன. கொலராடோ 2018இல் தன் ஓட்டையை அடைத்தது. ஆனால் வேலைக்கு மறுத்தால் தண்டனைக் காலத்தில் கழித்துத் தரும் நாட்கள் போகும், சலுகைகள் போகும் என்ற சிறை விதிகள் அப்படியே நின்றன. 2022இல் கைதிகள் போட்ட வழக்கு அந்த விதிகளைத்தான் எதிர்த்தது. ஒரேகானைப் பார், இன்னும் வேடிக்கை: வாரம் 40 மணி நேர வேலையை 1994இல் அரசியல் சட்டத்திலேயே ஏற்றினார்கள், 2022இல் அடிமை விலக்கை நீக்கினார்கள். இரண்டும் ஒரே ஏட்டில் குடியிருக்கின்றன!

கலிஃபோர்னியா 2024 வாக்கெடுப்பில் அந்த விலக்கை நீக்க மறுத்தது. வாக்குச்சீட்டில் 'அடிமை' என்ற சொல் இல்லை, 'கட்டாய ஊழியம்' மட்டுமே. அந்தச் சொல் இருந்த நெவாடாவில் அன்றே நீக்கம் நிறைவேறியது. சொல் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதே ஆண்டு கலிஃபோர்னியச் சிறைத்துறை வெறும் விதி மாற்றத்தால் பெரும்பாலான வேலைகளின் மணிக்கூலியை 16 முதல் 74 சென்ட் என்று இரட்டிப்பாக்கியது. டெக்சாஸில் பெரும்பாலான வேலைகளுக்கு அந்தக் காசும் கிடையாது.

நீ கேட்ட, கைதிகளை வேலைக்கு வைக்கும் தனியார் தொழிற்கூடம் வேறு கணக்கு. சிறைச் சரக்கு மாநில எல்லை தாண்டுவதை 1935ஆம் ஆண்டுச் சட்டம் முடக்கியது. 1979இல் வந்த கூட்டாட்சித் திட்டம் நிபந்தனையோடு கதவைத் திறந்தது: கைதி விரும்பி வரவேண்டும், வட்டாரத்தில் அதே வேலைக்குள்ள கூலி தரவேண்டும், வெளித் தொழிலாளியின் வேலை பறிபோகக்கூடாது. வரி, உணவு உறைவிடம், குடும்ப ஆதரவு, பாதிக்கப்பட்டோர் நிதி எல்லாம் சேர்த்துக் கூலியில் 80 விழுக்காடு வரை பிடிக்கலாம். மணிக்கு 20 டாலர் என்றால் கையில் 4 டாலர்தான் மிஞ்சக்கூடும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. வேளாண் விளைபொருளுக்கு அந்த 1935 தடையே இல்லை. அதனால்தான் கூலியில்லாமல் விளைந்த சிறைப்பண்ணைச் சரக்கும் எல்லை தாண்டிப் போகிறது. சிறை வேலை பற்றி நீ பார்த்துக்கொண்டிருக்கும் மசோதாவின் நகலை அனுப்பு. வேலைக்கு மறுத்தால் என்ன தண்டனை என்ற பிரிவையும் கூலிப் பிடித்தப் பட்டியலையும் முதலில் படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்