பூமி எப்போதும் மாறியதுதான், மக்களே

அன்பு மக்களே,

வெள்ளிக்கிழமை போனில் பேசும்போது, எண்ணெய் வயல் கேம்ப்பில் உன்னோடு இருக்கிறவர் ஒருவர் கேட்டதாகச் சொன்னாய். "பூமி இதைவிடச் சூடாகவும் இருந்திருக்கு, பனிக்கட்டியாகவும் இருந்திருக்கு. அது பாட்டுக்கு மாறும். இதில் மனுஷன் என்ன செய்துவிட முடியும்?" அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை என்றாய். நல்ல கேள்விதான். வேதியியல் நடத்தியே காலம் கழித்தவளுக்கு இதைப் போனில் அரைகுறையாகச் சொல்ல மனம் வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். டியூட்டி இல்லாத நாளில் நிதானமாகப் படி.

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. அதை நீ மறுக்கவே வேண்டாம். அவர் நினைப்பதைவிடப் பெரிய மாற்றங்கள் எல்லாம் நடந்திருக்கின்றன. நாம் இழுத்து விடும் இந்தக் காற்றே பூமியோடு சேர்ந்து பிறந்ததில்லை.

பூமிக்கு வயது ஏறக்குறைய 454 கோடி ஆண்டுகள். ஆரம்பத்தில் அதைச் சுற்றி இருந்த ஹைட்ரஜனும் ஹீலியமும் லேசான வாயுக்கள். அவற்றைப் பிடித்து வைக்கப் பூமியின் ஈர்ப்பு போதவில்லை, தப்பி விண்வெளிக்குப் போய்விட்டன. அப்புறம் எரிமலைகள் உள்ளே இருந்ததை வெளியே தள்ளின. நீராவி, கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன். நீராவி குளிர்ந்து மழையாகிக் கடலானது. நைட்ரஜன் எதோடும் எளிதில் சேராது என்பதால் அப்படியே தங்கிவிட்டது. இன்றைக்கும் காற்றில் 78 சதவீதம் அதுதான். ஆக்சிஜன் மட்டும் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

அந்தக் காலத்துச் சூரியன் இன்றைய வெளிச்சத்தில் 70 சதவீதம்தான் தந்தது. கணக்குப்படி கடல் முழுக்க உறைந்து கிடந்திருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் தண்ணீராகவே இருந்ததற்குப் பாறைகளில் சாட்சி இருக்கிறது. வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயுக்கள் அப்போது காற்றில் நிறைய இருந்ததுதான் இதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள். இன்றும் இந்த வாயுக்கள் இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி இருக்கும். இருப்பதால் சுமார் 15 டிகிரி. ஆகவே கார்பன் டை ஆக்சைடு ஒரு விஷம் என்று யாராவது பேசினால் அதையும் நம்பாதே. அது இல்லாமல் நாம் இல்லை. அளவுதான் விஷயம். வெள்ளிக் கோளின் காற்றில் 96 சதவீதம் அதுதான். அங்கே தரையில் 460 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது.

சரி, ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது? இதுதான் எனக்கு வகுப்பில் நடத்த மிகவும் பிடித்த பகுதி. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், நீலப்பச்சைப் பாசி என்று பாடப்புத்தகத்தில் படித்தாயே, அவை வெயிலையும் தண்ணீரையும் கார்பன் டை ஆக்சைடையும் வைத்து உணவு செய்துகொண்டு, கழிவாக ஆக்சிஜனை விட்டன. முதலில் அது காற்றுக்கு வரவே இல்லை. கடலில் கரைந்திருந்த இரும்பு அதைப் பிடித்துக்கொண்டு துருவாகி அடியில் படிந்தது. சேலம் கஞ்சமலையில் வரிவரியாகத் தெரியும் இரும்புக்கல் அப்படிப் பழங்காலக் கடலில் படிந்த வகைதான். பிடித்துக்கொள்ள இரும்பும் மற்றதும் குறைந்த பிறகு, ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், ஆக்சிஜன் காற்றில் தங்க ஆரம்பித்தது. அதிலிருந்து மேலே, சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் உண்டானது. அதே ஆக்சிஜன் அன்றைய உயிர்கள் பலவற்றுக்கு நஞ்சு. காற்றிலிருந்த, வெப்பத்தைப் பிடித்து வைக்கும் மீத்தேன் வாயுவையும் அது அழித்தது. அதை ஒட்டிய காலத்தில் பூமி நீண்டதொரு பனியுகத்துக்குள் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

"மனுஷன் என்ன செய்துவிட முடியும்" என்று கேட்டவருக்கு இதைச் சொல், மக்களே. கண்ணுக்கே தெரியாத ஒரு உயிர் பூமியின் மொத்தக் காற்றையும் மாற்றியிருக்கிறது. உயிர்களால் காற்றை மாற்ற முடியாது என்று இதைத் தெரிந்தவர் சொல்ல மாட்டார். ஒரே வித்தியாசம், அந்தப் பாசிக்கு அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன.

பூமிக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வழியும் உண்டு. மழைநீரில் கார்பன் டை ஆக்சைடு கரைந்து மெல்லிய அமிலமாகிப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். நம் வேளிமலையிலும் கோதையாற்றின் பாறைகளிலும் இந்த நிமிஷமும் அது நடக்கிறது. கரைந்தது ஆற்றோடு கடலுக்குப் போய், சிப்பிக்கு ஓடாகி, கடைசியில் சுண்ணாம்புக்கல்லாகப் படிகிறது. சூடு கூடினால் இந்த வேலை வேகமாகும், குறைந்தால் மெதுவாகும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் அது லட்சக்கணக்கான ஆண்டுக் கணக்கில் நடக்கிற வேலை. நம் அவசரம் அதற்குத் தெரியாது.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். நீ நிற்கிற மணலுக்கு அடியில் இருக்கும் எண்ணெயில் பெரும்பகுதி, டெத்திஸ் என்று பெயர் வைத்திருக்கும் ஒரு பழைய ஆழமற்ற கடலில் மிதந்த நுண்ணுயிர்கள்தான். ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அன்றைய காற்றிலிருந்த கார்பனை உடம்பாக்கிக்கொண்டு, செத்து, சேற்றில் புதைந்து, அழுத்தத்திலும் சூட்டிலும் எண்ணெயானவை. நிலக்கரியும் அப்படித்தான், அது காட்டு மரங்கள். நம் விளையில் அப்பா வெட்டி எடுக்கும் ரப்பர் பாலும் காற்றிலிருந்து மரம் எடுத்த கார்பன்தான். ஆனால் அந்த ரப்பர் மரம் முறிந்து விறகாக எரிந்தால், அது முப்பது வருஷத்துக்குள் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறது. அந்த இடத்தில் வைக்கும் கன்று மறுபடி எடுத்துக்கொள்ளும். எண்ணெய் எரிந்தால் வெளியே வருவது டைனோசர் காலத்துக் கார்பன். அதைத் திரும்பப் புதைக்க இங்கே யாரும் இல்லை.

இயற்கையே இதைவிட அதிகம் விடுகிறதே என்றும் அவர் கேட்கலாம். ஆமாம். கடலும் காடும் மண்ணும் வருஷத்துக்கு ஏறக்குறைய 20,000 கோடி டன் கார்பனை வாங்கித் திரும்ப வெளியே விடுகின்றன. நாம் எரிபொருளில் விடுவது சுமார் 1,000 கோடி டன். பேச்சிப்பாறை அணையை நினைத்துக்கொள். வருகிற தண்ணீரும் போகிற தண்ணீரும் சமமாக இருந்தால், எவ்வளவு வந்தாலும் நீர்மட்டம் அசையாது. வரத்தில் ஒரு சின்ன ஓடையை மட்டும் கூட்டிவிட்டு மதகை அப்படியே வைத்தால், மட்டம் ஏறிக்கொண்டே போகும். நாம் விடுவதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேயே கடலும் காடுகளும் எடுத்துக்கொள்கின்றன. மீதி காற்றில் நிற்கிறது. எரிமலைகளையும் சொல்வார்கள், அவை வருஷத்துக்கு விடுவது நாம் விடுவதில் நூறில் ஒரு பங்கை ஒட்டித்தான்.

அந்த மட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான் என்னை உறுத்துவது. அண்டார்டிகாவின் பனிக்கட்டிக்குள் பழைய காற்று குமிழிகளாக அடைபட்டுக் கிடக்கிறது. அதிலிருந்து 8 லட்சம் ஆண்டுகளின் கணக்கு நமக்குத் தெரியும். அவ்வளவு காலத்தில் பத்து லட்சம் பங்கு காற்றில் கார்பன் டை ஆக்சைடு 180-க்கும் 300-க்கும் இடையில்தான் ஏறி இறங்கியது. 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் தொடர்ந்து அளக்க ஆரம்பித்தபோது சுமார் 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. கடைசிப் பனியுகம் முடிந்தபோதும் அது ஏறத்தான் செய்தது, 180-இலிருந்து 260-க்கு மேல். ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின. அதைவிட அதிகமான ஏற்றத்தை நாம் ஒரு மனித ஆயுளுக்குள் முடித்துவிட்டோம். அந்தப் பழைய ஏற்றத்தோடு வந்த மாற்றம் சின்னதும் இல்லை. அதற்கு முன் கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் தாழ்ந்து கிடந்தது. இலங்கைக்குத் தரை வழியே நடந்து போகலாம். கடல் கொண்ட நிலத்தின் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். கதை எப்படியோ, கடல் அவ்வளவு ஏறியது நிஜம்.

இந்தக் கூடுதல் வாயு நம்முடையதுதான், சூடும் அதனால்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டால் மூன்று சொல். ஒன்று, கார்பன்-14. உயிருள்ளதில் இருக்கும் இந்தக் கார்பன் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். 15 கோடி ஆண்டுப் பழைய எண்ணெயில் துளியும் மிச்சமில்லை. புதைபடிவ எரிபொருளின் புகை சேரச் சேர, காற்றில் அதன் விகிதம் நீர்த்துப் போகிறது. இரண்டாவது, எரிந்தால் ஆக்சிஜன் செலவாக வேண்டும் இல்லையா? காற்றில் ஆக்சிஜன் மிக மிகச் சிறிய அளவில், ஆனால் நிற்காமல் குறைந்துகொண்டே வருகிறது. மூச்சு முட்டும் என்று பயப்படும் அளவில் இல்லை. அதை அளந்து காட்டியவர் ரால்ஃப் கீலிங், அந்தச் சார்லஸின் மகன். அப்பா ஏறுவதை அளந்தார், மகன் இறங்குவதை அளந்தார். மூன்றாவது, சூரியன் காரணமாக இருந்தால் காற்றின் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். கீழே சூடாகிறது, மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்கிறது.

இங்கே என்ன ஆகிறது என்பதை நீ அங்கிருந்தும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாய். கூடுதலாகத் தங்கும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள் போகிறது. இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1950-களிலிருந்து ஏறக்குறைய ஒரு டிகிரி சூடாகியிருக்கிறது. அரபிக்கடலில் புயல்கள் கூடியிருக்கின்றன. 2017 நவம்பர் 30-ஐ நம் குமரி மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஒக்கி புயலில் நம் விளையில் விழுந்த ரப்பர் மரங்களை நீயும் அப்பாவும் வெட்டி அகற்றினீர்கள். நமக்குப் போனது மரம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் போனது உயிர்கள். ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளின் வீடுகளிலும் அப்பாவும் அண்ணனும் திரும்பவில்லை. அந்த ஒரு புயலை மனிதன்தான் உண்டாக்கினான் என்று நான் சொல்ல மாட்டேன், ஒற்றைப் புயலைக் காட்டி அப்படிச் சொல்வது சரியில்லை. ஆனால் சூடான கடல்தான் புயலுக்குத் தீனி. ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். பெய்தால் கொட்டித் தீர்க்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததைக் கேட்டாயே. இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் முறையாகக் கிடைக்கிற மாவட்டம் என்று நமக்கு ஒரு பெருமை உண்டு. அந்த முறை குலைந்தால் பால் வெட்டுகிறவருக்கும் தேன்பெட்டி வைக்கிறவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் அன்றைய கூலி இல்லை.

பூமிக்கு ஒன்றும் ஆகாது என்பார் அவர். ஆகாதுதான். 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இப்படி ஒருமுறை கார்பன் வெளியாகிப் பூமி 5 டிகிரிக்கு மேல் சூடானது. இப்போது நாம் விடும் வேகத்தில் அது பத்தில் ஒரு பங்குதான் இருந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அதற்கே ஆழ்கடல் உயிர்கள் பல அழிந்தன. பழைய நிலைக்கு வர லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பூமி காத்திருக்கும். வள்ளவிளைக்காரர் எங்கே போய்க் காத்திருப்பார்?

இதையெல்லாம் படித்துவிட்டு, அம்மா என் வேலையைக் குறை சொல்கிறாள் என்று நினைத்துவிடாதே. இந்த வீடும் தங்கையின் படிப்பும் அந்தச் சம்பளம்தான். உலகம் முழுக்க எரிக்கிறது, நீ ஒருவன் வால்வு திருப்புவதால் வந்ததில்லை இது. நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒருவரைப் பற்றி. வீரபத்ரன் ராமநாதன், தமிழ்நாட்டில் பிறந்தவர். இளவயதில் செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனப்பெட்டித் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தார். குளிர்விக்கும் வாயு கசியாமல் பார்ப்பது அவர் வேலை. பிறகு அமெரிக்கா போய், அதே குளோரோஃபுளோரோ கார்பன் வாயுக்கள் ஒவ்வொரு மூலக்கூறும் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல ஆயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும் என்று 1975-இல் கண்டுபிடித்தார். அந்த வாயுக்கள் ஓசோனையும் தின்றன. 1987-இல் மாண்ட்ரியலில் நாடுகள் ஒப்பந்தம் போட்டு அவற்றை நிறுத்தத் தொடங்கின. ஓசோன் இப்போது மெல்லத் தேறுகிறது. காற்றைக் கெடுத்தது போலவே சரிசெய்யவும் மனிதரால் முடிந்திருக்கிறது.

உன் தொழிலில் அப்படி ஒன்று இருக்கிறது, மீத்தேன். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்கு அதிகம் சூடாக்கும். தொழிற்புரட்சிக்கு முன் இருந்ததைவிட இப்போது காற்றில் இரண்டரை மடங்குக்கும் மேல் இருக்கிறது. நெல்வயலும் மாடும் விடுகின்றன, எண்ணெய் வயல்களின் குழாய் இணைப்புகளும் வால்வுகளும் மிச்ச வாயுவை எரிக்க வைத்து அணைந்துபோன ஃபிளேர்களும் விடுகின்றன. ஆனால் அது காற்றில் 12 ஆண்டு போலத்தான் தங்கும். கசிவை அடைத்தால் பலனை நீயே உயிரோடு பார்க்கலாம். கார்பன் டை ஆக்சைடு அப்படியில்லை, அதில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிற்கும்.

நீ படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன். கசிவைக் கேமரா வைத்துக் கண்டுபிடிக்கிற குழு உங்கள் சைட்டில் இருக்கிறதா, அதற்குப் பயிற்சி கொடுக்கிறார்களா என்று சூப்பர்வைசரிடம் கேள். அடைத்த வாயுவை விற்கலாம் என்பதால் கம்பெனிக்கும் நஷ்டமில்லை. இருக்கிறது என்றால் பெயரைக் கொடு. சான்றிதழ் நகல் ஏதும் வேண்டுமென்றால் சொல், அலமாரியில் உன் ஃபைல் அப்படியே இருக்கிறது, மறுநாளே அனுப்பிவிடுகிறேன்.

அப்பா விசாரித்தார். ராத்திரி டியூட்டி என்றால் சாப்பிடாமல் போகாதே.

அன்புடன்,
உன் அம்மா