முர்தெல் சரிவில் கூட நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

என் முதுகலை ஆய்வேட்டில் நன்றி சொல்ல ஒரு பக்கம்தான் கிடைத்தது, அதுவும் ஜெர்மன் மொழியில். மிச்சத்தைத் தமிழில் ஆற அமர எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. பரவாயில்லை, தெரிந்தவர்கள் படித்துக் காட்டுங்கள்.

"அங்கே என்னதான் பண்ணினே?" என்று கேட்கும் சொந்தபந்தங்களுக்காக முதலில் கொஞ்சம். சுவிட்சர்லாந்தின் எங்காடின் பள்ளத்தாக்கில், கோர்வாட்ச் மலைச் சரிவில், சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் முர்தெல் என்றொரு பாறைப் பனியாறு இருக்கிறது. பார்வைக்கு வெறும் கற்குவியல். மேலே சில மீட்டர் கல்லைத் தாண்டினால் கோடையிலும் உருகாத பனிக்கட்டி. அது தன் எடையிலேயே மெல்ல நெகிழ்ந்து, கற்களையும் சுமந்துகொண்டு, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. உள்ளே எவ்வளவு பனி இருக்கிறது, எந்த இடத்தில் குறைகிறது என்பதைத் தோண்டாமல் தெரிந்துகொள்வதுதான் வேலை.

முதல் நன்றி ஸ்பாஞ்சு நனைத்தவர்களுக்கு. பனிக்கட்டி மின்சாரத்தை லேசில் விடாது, அந்தத் தடையை வைத்துத்தான் அதைத் தேடுகிறோம். தரையில் வரிசையாக எஃகுக் கம்பிகளை ஊன்றி, இரண்டின் வழியாக மின்சாரத்தைச் செலுத்தி, வேறு இரண்டுக்கு நடுவே மின்னழுத்தத்தை அளப்போம். மண் தரை என்றால் கம்பி சுலபமாக இறங்கிவிடும். முர்தெலில் ஆளுயரக் கற்களும் அவற்றுக்கு நடுவே காற்றும்தான். மின்சாரம் உள்ளே போகவே அடம்பிடிக்கும். உப்புத்தண்ணீரில் ஊறிய ஸ்பாஞ்சைக் கல்லிடுக்கில் திணித்து, அதில் கம்பியைச் செருக வேண்டும். வெயிலும் காற்றும் அதை உலர்த்திக்கொண்டே இருக்கும் என்பதால், தண்ணீர்க் கேனோடு யாராவது அந்தக் கற்களின் மேல் வரிசை நெடுக ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகள் இதை அரை வரியில் முடித்துவிடும். செய்தவர்களின் முழங்காலைக் கேட்டால்தான் தெரியும்.

அந்த உப்பைக் கொடுத்தது செயின்ட் மோரிட்ஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணா. "மலைக்கே உப்புப் போடப் போறியளோ தங்கச்சி?" என்று சிரித்துக்கொண்டே ஒரு பை நிறையக் கட்டித் தந்தார். கூடவே இடியப்பமும் சம்பலும். ஜெர்மன் நண்பர்கள் சம்பலைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள் அண்ணா.

அடுத்து என் வழிகாட்டிக்கு. இந்த அளவுகளை வைத்துக் கணினி வரையும் வண்ணப் படத்தைப் பார்த்ததும் பனி கிடைத்துவிட்டது என்று குதிக்க விடாத மனிதர் அவர். பனி செறிந்த இடங்களில் மின்தடைத்திறன் பத்து லட்சம் ஓம் மீட்டரைக்கூடத் தாண்டும், உண்மைதான். ஆனால் கற்களுக்கு நடுவே சிக்கிய காற்றும் மின்சாரத்தை விடாது. உலர்ந்த பாறையும் லேசில் விடாது. கருவிக்குப் பனி தெரியாது, தடைதான் தெரியும். "சரி, அது காற்று இல்லை என்று எப்படிச் சொல்வாய்?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எரிச்சலாக இருக்கும். ஆனால் இந்தத் துறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்று இப்போது நானும் நினைக்கிறேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் சம்மட்டி வந்தது. தகட்டின் மேல் ஓங்கி அடித்து, அதிர்வு எவ்வளவு நேரத்தில் ஒவ்வொரு ஜியோபோனுக்கும் (தரை அதிர்வை உணரும் கருவி) வந்து சேர்கிறது என்று பார்ப்போம். பனிக்கட்டியில் அலை நொடிக்குச் சுமார் 3,500 மீட்டர் ஓடும். இடைவெளி நிறைந்த கல்லடுக்கில் வேகம் வெகுவாக இறங்கிவிடும். கெட்டியான பாறையில் பெரும்பாலும் 4,000க்கு மேல். தடையும் அதிகம், வேகமும் 3,500ஐ ஒட்டி இருக்கிறது என்றால்தான் பனி என்று கொஞ்சம் துணிந்து சொல்லலாம். சம்மட்டி பிடித்த மூவருக்கும் தனித்தனியாக நன்றி. காற்று அடங்கினால்தான் பதிவு தெளிவாக வரும் என்பதால், அடித்த நேரத்தைவிட நீங்கள் குளிரில் காத்து நின்ற நேரம்தான் அதிகம்.

எனக்கு நேரில் பழக்கமில்லாதவர்களுக்கும் ஒரு கும்பிடு. 1987இல் வில்ஃப்ரீட் ஹேபெர்லியும் அவர் குழுவினரும் இதே முர்தெலில் 58 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு வெப்பமானிகளை இறக்கினார்கள். மேலே பனி மிகுந்த அடுக்கு, முப்பது மீட்டரை ஒட்டி உறைந்த மணல், நகர்வின் பெரும்பகுதி அந்த மணலில்தான் என்பதெல்லாம் அந்தத் துளை காட்டியது. அது இல்லையென்றால் என் படத்தை எதோடு ஒப்பிட்டிருப்பேன்? துளையின் வெப்பநிலைப் பதிவைத் தொடர்ந்து பேணி, கேட்பவருக்கெல்லாம் தரும் பெர்மோஸ் என்ற சுவிட்சர்லாந்தின் உறைநிலக் கண்காணிப்பு வலையமைப்புக்கும் நன்றி.

கேபிள் கார் ஊழியர்களே, கம்பிச் சுருளும் பேட்டரியுமாக நாங்கள் ஏறியபோதெல்லாம் பனிச்சறுக்குக்காரர்களைப் போலவே எங்களையும் நடத்தினீர்கள். அப்புறம் அம்மா, வெளிநாடு போய் கல்லை அடிக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லியும் பணம் அனுப்பத் தவறவில்லை.

அளவீட்டுக் கோப்புகளைத் துறையின் சேமிப்பகத்தில் போட்டுவிட்டேன். ஷில்ட்ஹார்ன் என்ற இன்னொரு சுவிஸ் மலையில் 1999 முதல் ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப அளந்ததால்தான் பனியின் மாற்றத்தை அங்கே தொடர்ந்து பார்க்க முடிகிறது. அதனால் நாங்களும் ஒவ்வொரு கம்பியும் நின்ற இடத்தைக் கல்லில் பெயின்ட் வைத்துக் குறித்திருக்கிறோம். அடுத்த கோடையில் போகிறவர்கள் அதே இடத்தில் ஊன்றுங்கள். ஸ்பாஞ்சுகள் கருவி அறையில் கீழ்த் தட்டில் இருக்கின்றன. உப்பு மட்டும் தீர்ந்துவிட்டது, அண்ணாவைக் கேளுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் குழுவின் தமிழ்ப் பெண்