மான்செஸ்டரிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பி குமரனுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் நலம். அப்பா, அம்மா, நீ எல்லோரும் நலமா? குளிர் ஒருவழியாகப் பழகிவிட்டது, இந்த ஓயாத தூறல்தான் பழகவில்லை. நைட் டியூட்டி குறைந்துவிட்டது, ரஷோம் பக்கத்துக் கடைகளில் கறிவேப்பிலைகூடக் கிடைக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிடு.

கச்சேரியில் பாஸ் கிட்டாரை யாருமே கவனிப்பதில்லை என்று போனில் வருத்தப்பட்டாயே, அதிலிருந்து உனக்கு இதை எழுத வேண்டும் என்று மனதில் இருந்தது. ஒரு பாஸ் கிட்டார்காரருக்காக இந்த ஊரே கலங்கியதை நான் பார்த்தேன். 'ஸ்டோன் ரோசஸ்' என்ற இந்த ஊர் ராக் குழுவின் மானி 2025 நவம்பரில் இறந்துபோனார். வயது 63தான். எங்கள் ஆஸ்பத்திரி வார்டு போர்ட்டர் ஒருவர், ஓய்வு பெறப்போகிற வயது, அன்று டீ ரூமில் உட்கார்ந்து விரல்களால் மேசையில் மானியின் வாசிப்பைத் தட்டிக்கொண்டே இருந்தார். யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. அப்புறம் அவரேதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னார்.

குழுவில் நாலு பேர். பாட்டு இயன் பிரவுன், கிட்டார் ஜான் ஸ்குவையர், டிரம்ஸ் ரெனி, பாஸ் மானி. 1989இல் முதல் ஆல்பம் வந்தது. அந்த நாளில் இந்த ஊர் இளைஞர்கள் ஹசியெண்டா என்ற கிளப்பில் விடிய விடிய ஆடிக்கொண்டிருந்தார்கள். கிட்டார் குழுக்களின் ரசிகர்கள் ஒரு பக்கம், ஆட்டக்காரர்கள் ஒரு பக்கம் என்று இருந்தவர்களை ஒரே இடத்தில் ஆடவைத்தது இவர்களும் 'ஹேப்பி மண்டேஸ்' குழுவும்தான். அதே வருடம் நவம்பரில் வந்த 'ஃபூல்ஸ் கோல்ட்' பாட்டைக் கேள். கிட்டத்தட்ட 10 நிமிடம். இயன் பாடுவது முணுமுணுப்புப் போலத்தான் இருக்கும். டிரம்ஸும் பாஸும்தான் அந்தப் பாட்டு. மானி ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார், ஆனால் கொஞ்சம்கூட அலுக்கவில்லை.

1990 மே 27. விட்னஸ் ஊரில், மெர்சி ஆற்றோரம், ரசாயனத் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஸ்பைக் ஐலண்ட் என்ற இடத்தில் கச்சேரி. சுமார் 27,000 பேர். போர்ட்டர் அப்போது இளைஞர். சவுண்டைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது, பாதிப் பாட்டு காதிலேயே விழவில்லை என்கிறார். ஆனாலும் வாழ்க்கையில் அதுதான் பெரிய நாளாம். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் நீ.

அதன் பிறகுதான் எனக்கு மனசு ஆறாத கதை. இன்னும் ஒரே ஒரு சிங்கிள், அதாவது தனிப்பாட்டு ரெக்கார்டு, வந்தது, அவ்வளவுதான். பழைய ரெக்கார்டு கம்பெனியின் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வரக் கோர்ட்டுக்குப் போனார்கள். 1991இல் ஜெயித்தார்கள். புதிய கம்பெனி, கை நிறையப் பணம். ஆனால் இரண்டாவது ஆல்பம் வந்தது 1994 டிசம்பரில். ஐந்தரை வருடம்! அதற்குள் இவர்களைக் கேட்டு வளர்ந்த 'ஒயேசிஸ்' குழுப் பையன்கள் நாடு முழுக்கப் பேர் வாங்கிவிட்டார்கள். 1995இல் ரெனி விலகினார். மறு வருடம் ஸ்குவையர். 1996 அக்டோபரில் குழு கலைந்தது. ஸ்குவையர் போனதும் முடிந்தது என்பார்கள் பலர். என்னைக் கேட்டால் ரெனி எழுந்துபோன அன்றே முடிந்துவிட்டது. ரெனி இல்லாமல் மானியின் பாஸ் ஒற்றை மாடு பூட்டிய வண்டிதான்.

2012இல் நாலு பேரும் மறுபடி சேர்ந்து ஹீட்டன் பார்க்கில் மூன்று நாள் வாசித்தார்கள். மொத்தம் 2 லட்சத்துக்கும் மேல் கூட்டம். என் வீட்டிலிருந்து அந்தப் பார்க் நடந்துபோகிற தூரம்தான். இன்றும் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து ஆட்டக்காரர்கள் உள்ளே வரும்போது ஒலிப்பது இவர்கள் பாட்டு. ரெனி போட்டிருந்த மாதிரித் தொப்பியை இருபது வயதுப் பையன்கள் டிராமில் போட்டுக்கொண்டு போகிறார்கள். இரண்டே ஆல்பம் போட்ட குழு, தம்பி!

முதல் ஆல்பத்தின் முதல் பாட்டை ஹெட்போன் போட்டுக் கேள். ஏதோ இரைச்சல் போல ஆரம்பிக்கும், அதற்குள்ளிருந்து முதலில் வருவது மானியின் பாஸ். மற்றவர்கள் அப்புறம்தான் வருகிறார்கள். கேட்டுவிட்டு, வாசித்தும் பார்த்துவிட்டு எனக்கு எழுது. அப்பாவின் மாத்திரைக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், வந்ததும் சொல்.

அன்புடன்,
அக்கா