வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு நீங்களும் வர வேண்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாத்தா பள்ளிக்கு வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் அகஸ்தியம்பள்ளிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வகுப்புக்குள் வரவே தயங்கினார். "நான் வந்து என்ன டீச்சர் சொல்லப் போறேன், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே" என்றார். நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அப்புறம் ஒரு மாணவி, "தாத்தா, தண்ணி எப்போ உப்பாகும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அவ்வளவுதான். மணி அடித்த பிறகும் ஒரு பிள்ளை எழுந்திருக்கவில்லை.

தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிடுவதைச் சொன்னார். தண்ணீரின் உப்புச் செறிவு இருபத்தைந்து டிகிரி வந்தால்தான் உப்பு விளையத் தொடங்கும். அதற்காகக் கண்ணாடிக் குழாய் ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டு அளந்து பார்ப்பார்கள். அந்தக் காலத்துப் பெரியவர்களுக்குக் குழாயே வேண்டாமாம், தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்களாம். உப்பை வாரி எடுத்த பிறகு மிஞ்சுகிற தண்ணீர் கசக்கும், அதை வெளியேற்றாமல் விட்டால் அடுத்த உப்பும் கசந்துவிடும் என்றார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அறிவியல் ஆசிரியர் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். ஆவியாதலும் படிகமாதலும் அவர் நடத்த வேண்டிய பாடம். மறுவாரம் அந்தப் பாடத்தை நடத்தியபோது, "தாத்தா சொன்னாரே சார்" என்று பிள்ளைகளே முந்திக்கொண்டார்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையை ஊர்க்காரர்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம். வருகிறவர்கள் தங்கள் வாழ்க்கையை, தொழிலை, பார்த்ததைப் பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு அம்மா சொன்ன யோசனை இது. நல்ல யோசனை என்று உடனே ஒப்புக்கொண்டேன். இவ்வளவு நல்ல யோசனை என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் இந்த ஊர்க்காரி இல்லை. வேதாரண்யத்துக்கு மாற்றலாகி வரும்போது, உப்புச் சத்தியாகிரகம் நடந்த ஊர் என்பது மட்டும்தான் தெரியும். ராஜாஜியும் ஏறக்குறைய நூறு தொண்டர்களும் 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கி, 28ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்தார்கள், 30ஆம் தேதி ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார் என்று எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் அறிவித்திருந்தார். அப்படியும் வழியெல்லாம் ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். பாடத்தில் ஒரு வரியில் முடிந்துபோகிற விஷயம் இது. ஆனால் கட்டியவர்கள் யார்? யாரோ ஒரு அம்மா விடியற்காலையில் எழுந்து, வடித்த சோற்றை இலையில் மடித்து, பயந்துகொண்டே போய்க் கட்டியிருப்பார். அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பெயர் நிலைத்தவர்களில் நம் ஊர் வைரப்பன் ஒருவர். முடிதிருத்தும் தொழிலாளி. போலீஸ்காரர்களுக்குச் சவரம் செய்வதில்லை என்று உறுதி எடுத்திருந்தார். சாதாரண உடையில் வந்தவருக்குப் பாதி முகம் சவரம் செய்த நிலையில், அவர் போலீஸ் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். நீதிபதி முன் நிறுத்தியபோது, வேண்டுமானால் நீங்களே செய்துவிடுங்கள் என்று தன் பெட்டியை நீட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். ஆறு மாதம் சிறை. இதைச் சொல்லி முடித்ததும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "எங்க அப்பாவும் சலூன்தான் வச்சிருக்கார் மிஸ்" என்றான். அதுவரை அந்தப் பிள்ளை அப்பாவின் தொழிலை வகுப்பில் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று நிமிர்ந்து நின்று சொன்னான். இந்த வகுப்பை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது என்று நான் முடிவு செய்தது அப்போதுதான்.

இன்னொரு வாரம் கஜா புயலைப் பற்றிப் பேச்சு வந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வீசிய புயல் இப்போது தொடக்க வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு வெறும் கதை. பேச வந்த அம்மா, ஓடு பறந்த வீட்டில் கட்டிலுக்கு அடியில் குழந்தையை அணைத்துக்கொண்டு கிடந்ததைச் சொன்னார். விடிந்து பார்த்தால் இருபது வருடம் வளர்த்த தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அளங்களில் சேறு ஏறியிருந்தது. கரண்ட் வரப் பல நாள் ஆயிற்று. ரோட்டில் விழுந்து கிடந்த மரங்களைத் தெருக்காரர்களே அறுத்து வழி செய்தார்கள், ஒரே அடுப்பில் நாலு வீட்டுக்குச் சமைத்தார்கள். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் அழுதுவிட்டார். இரண்டு மூன்று பிள்ளைகளும் அழுதார்கள். இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா என்று சில பெற்றோர்கள் என்னிடம் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதனால் இனிமேல் பேச வருகிறவரோடு வகுப்பாசிரியர் முதல் நாளே உட்கார்ந்து பேசிக்கொள்வார். சின்ன வகுப்புகளுக்கு எது, பெரிய வகுப்புகளுக்கு எது என்று பிரித்துக்கொள்வோம். ஆனால் புயல் கதையை மறைக்க எனக்கு மனமில்லை. அடுத்த புயல் வரும்போது யார் வீடு மாடி வீடு, யார் வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார் என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலும் நீங்கள் எனக்குச் சொல்லும் பதில், "எங்களுக்கு என்ன தெரியும்" என்பதுதான். முல்லைப் பூவைப் பொழுது விடிவதற்கு முன் எப்படிப் பறிப்பது என்று தெரியும். கோடியக்கரைக்குப் பறவைகள் எந்த மாதம் வந்து இறங்கும் என்று தெரியும். காற்று திரும்பினால் கடலுக்குப் போகலாமா கூடாதா என்று தெரியும். எங்கள் ஆசிரியர்களில் பலருக்கு இது எதுவும் தெரியாது.

பிள்ளைகள் ஆளுக்கொரு நோட்டு வைத்து, கேட்டதையெல்லாம் எழுதிவருகிறார்கள். சொன்னவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக்காட்டி, தப்பு இருந்தால் திருத்துகிறார்கள். அவர் வேண்டாம் என்று சொன்ன பகுதியை எடுத்துவிடுகிறார்கள். வருடக் கடைசியில் இந்த நோட்டுகள் பள்ளி நூலகத்தில் இருக்கும்.

மழை பிடித்துவிட்டால் அளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் உங்களில் நிறையப் பேரை எதிர்பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வந்தால் போதும். முன்கூட்டி உங்கள் பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எழுதிக்கொண்டு வரத் தேவையில்லை. தொழில் சாமான் ஏதாவது கையோடு கொண்டுவந்தால் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள். நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நாலைந்து பிள்ளைகளோடு ஒரு ஆசிரியர் உங்கள் வீட்டுக்கே வருவார். உட்காரத் திண்ணை இருந்தால் சரி.

அன்புடன்,
தலைமையாசிரியர்